டிசம்பரில் மழை பெய்யும் கரை

மேற்குத் தாம்பரம்,
22–2–1970,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள வில்பிரட் மச்சான் அவர்களுக்கு,

தங்கை மாப்பிள்ளை தனசிங் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. யூனிஸ், குழந்தை பியூலா, நான் மூவரும் ஆண்டவர் தயவால் சுகமாக இருக்கிறோம். நீங்களும் சுகம் என்றுதான் கிறிஸ்துமஸ் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் பேசவேண்டும். அதற்கு முன்னால் வீட்டுச் சேதிகளைச் சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்கு எழுதுவது எப்போதும் யூனிஸ்தான். நான் அடியில் இரண்டு வரி கிறுக்கிக் கையெழுத்துப் போடுவதோடு சரி. எழும்பூர் ஆர்.எம்.எஸ்.ஸில் நாள் முழுக்க ஊரார் கடிதங்களை ஊர் ஊராகப் பிரித்துப் போடுகிறவனுக்கு வீட்டுக்கு வந்து இன்னொரு கடிதத்தைத் தொட மனசு வராது. இன்றைக்கு ஆராதனை முடிந்து அவளும் பியூலாவும் பம்மலில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போயிருக்கிறார்கள். சாயங்காலம்தான் வருவார்கள். நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குத் தெரியாமல் நான் செய்கிற முதல் காரியம் இதுதான், அதுவும் அவள் அண்ணனுக்குக் கடிதம் எழுதுவது.

போன ஜூனில் அவள் பெண்களுக்கான மாலை வகுப்பில் பி.யூ.சி. சேர்ந்ததை எழுதியிருந்தோம். பகலெல்லாம் பம்மல் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா போட்டுக் கொடுத்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் தானே ஒரு பிள்ளையாகப் போய்ப் பெஞ்சில் உட்காருகிறாள். முதலில் நான் கேலி செய்தேன். இந்த வயசில் இவளுக்கு எதற்கு இந்த வேலை என்று மனசுக்குள் ஒரு முணுமுணுப்பும் இருந்தது. இப்போது அந்தக் கேலியெல்லாம் போன இடம் தெரியவில்லை.

எடுத்த பாடங்களில் ஒன்று பூகோளம். பூகோளம் என்று நான் சொன்னால் உடனே புவியியல் என்று திருத்துகிறாள். உலகத்தை நாடு நாடாகப் படிக்காமல் மழை, வெயில், காற்று இவற்றை வைத்துப் பிரதேசம் பிரதேசமாகப் பிரித்துப் படிக்கிறார்கள். பருவக்காற்றுப் பிரதேசம், மத்தியதரைப் பிரதேசம், பாலைவனம், பனி உறைந்த துந்திரப் பிரதேசம் என்று நாலு மாசமாக எங்கள் வீட்டில் இதே பேச்சு. எங்கள் வீட்டுக்காரர் கஸ்தூரிரங்கன் சாருடைய சம்சாரம் சிரித்து இந்தத் தெருவில் எவரும் பார்த்ததில்லை. அந்த அம்மாளுக்குத் துந்திரம் என்று பெயர் வைத்திருக்கிறாள். என் கோபம் பருவக்காற்றாம், வருகிற காலம் தெரியுமாம், அளவுதான் சொல்லமுடியாதாம். போன மாதம் பம்மல் தோல் ஷாப் வழியாக வந்தோம். நானெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட்டமாக நடக்கிற இடம் அது. இவள் அங்கே நின்று, வாசலில் இறங்கிய மூட்டைகளைப் பியூலாவுக்குக் காட்டி, தோலைப் பதப்படுத்துகிற இந்த மரப்பட்டை கென்யாவிலிருந்து கப்பலில் வருகிறது, அந்த மரத்துக்கு இன்ன மழை வேண்டும், இன்ன குளிர் வேண்டும் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். நாற்றம் அவளுக்குத் தெரிந்ததாகவே இல்லை.

தப்பும் செய்திருக்கிறாள். முதல் பரீட்சையில் மேலைக் காற்று என்றால் என்ன என்று கேட்டிருந்தார்கள். மேலே, உயரத்தில் வீசுகிற காற்று, காற்றாடி விடுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும் என்று எழுதிவைத்துவிட்டாள். மேற்கிலிருந்து வருகிற காற்றாம் அது. பாடம் எடுக்கும் சரோஜினி மிஸ் இதை வாசித்ததும் வகுப்பே சிரித்திருக்கிறது. இவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு எழுந்து நின்று, தெற்கிலிருந்து வருவதைத்தானே தென்றல் என்கிறோம், அப்படியானால் எல்லாக் காற்றுக்கும் அது வந்த திசையை வைத்துத்தான் பேரா மிஸ் என்று கேட்டிருக்கிறாள். அந்த மிஸ் இவளைவிட வயதில் சின்னவள். வகுப்பில் யூனிஸ் என்று கூப்பிடுகிறவள் வெளியே வந்ததும் அக்கா என்கிறாள். அன்றைக்கு வகுப்பிலேயே அக்கா என்று சொல்லிவிட்டாளாம்.

நவம்பரில் ஆப்பிரிக்கா பாடம் வந்தது. நீங்கள் வாத்தியார் வேலைக்குப் போன அஸ்மாரா இருக்கிற கண்டம் என்று பண்டிகைக்குக் காத்திருக்கிற மாதிரி காத்திருந்தாள். அபிசீனியப் பீடபூமியில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கொட்டுகிற மழைதான் நைல் நதியில் வெள்ளமாகப் போய் எகிப்தைப் பிழைக்க வைக்கிறது என்று அன்றைக்குப் பாடம். வீட்டுக்குள் கால் வைத்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், “எங்க அண்ணன் ஊர் மழைதாங்க எகிப்துக்கே சோறு போடுது” என்றாள். அஸ்மாராப் பக்கத்துத் தண்ணீர் நைலுக்குப் போகாது என்று மிஸ் திருத்தினாளாம். மலை ஒன்றுதானே மிஸ் என்று இவள் விடவில்லை. ஒரு வாரம் வீட்டில் எகிப்து தவிர வேறு பேச்சில்லை. உலகப் படத்தில் அஸ்மாராவின் மேல் சிவப்பு மையால் ஒரு பொட்டு வைத்தாள். ஏழாயிரத்துச் சொச்சம் அடி உயரம், குளிர்காலத்தில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், ராத்திரியில் கம்பளி இல்லாமல் படுக்க முடியாது என்று நேரில் போய்வந்தவள் போலத் தெருவில் எல்லோருக்கும் சொன்னாள்.

ஜனவரி முதல் வாரம் உங்கள் கிறிஸ்துமஸ் போட்டோ வந்தது. கடைத்தெரு ஒன்றில் குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அரைக்கைச் சட்டை. தரையெல்லாம் நனைந்து பளபளவென்று இருக்கிறது. பின்பக்கம் “கிறிஸ்துமஸ் 1969, அஸ்மாரா” என்று உங்கள் கையெழுத்து. கவரின் மேல் அஸ்மாரா முத்திரை. முத்திரை பார்ப்பதே என் பிழைப்பு, மச்சான். பாதி அழிந்த முத்திரையைக்கூடத் தடவிப் பார்த்து ஊர் சொல்லுவேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, அஸ்மாராவேதான் என்று நான்தான் சான்று கொடுத்தேன்.

தெரு முழுக்கப் போட்டோ சுற்றி வந்தது. கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் பட்டு கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்து, “இன்னாம்மா, உங்க அண்ணாத்தே சினிமா ஆக்டர் கணக்கா நின்னுகினு கீறாரு. அங்கயும் நம்ம ஊரு மாதிரியே மழ பேயுதா” என்றாள். கஸ்தூரிரங்கன் சார், கிறிஸ்துமஸ் என்றால் மழை இல்லாமலா என்றார். எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் உறுத்தவில்லை. எப்படி உறுத்தும்? டிசம்பரில் மழை என்பது தாம்பரத்துக்காரனுக்கு மூச்சு விடுகிற மாதிரி. நனைந்து சாயம் போன நட்சத்திரமும் சேறு அப்பிய புதுச் செருப்பும் இல்லாத கிறிஸ்துமஸை நாம் பார்த்ததுண்டா? நீங்களும் இந்த ஊரில் வளர்ந்தவர்தான். அதனால்தான் அந்தப் படத்தைக் கவருக்குள் வைக்கும்போது உங்களுக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

ஒரு நாள் யூனிஸ் அந்தப் போட்டோவை வைத்துக்கொண்டே பியூலாவுக்கு நைல் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா நனைந்த தெருவில் நிற்கிறாரே, இந்த மழைதான் என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். போட்டோவைத் திருப்பினாள், தேதியைப் பார்த்தாள். மறுபடி இந்தப் பக்கம் திருப்பி உங்கள் சட்டையைப் பார்த்தாள். என்ன என்று கேட்டேன். டிசம்பரில் அங்கே மழை கிடையாதே என்றாள். ஏதோ ஒரு நாள் தூறியிருக்கும், விடு என்றேன். அவள் விடவில்லை.

அடுத்த நாள் சரோஜினி மிஸ்ஸிடம், யாருக்கு என்று சொல்லாமல், பொதுவாகச் சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டிருக்கிறாள். அந்த மிஸ் லைப்ரரியில் இருந்த பெரிய அட்லஸை இறக்கி, மழைப் படத்தைப் பிரித்துக் காட்டியிருக்கிறாள். பீடபூமி முழுக்க டிசம்பரில் வெள்ளையாக வறண்டு கிடக்கிறது. செங்கடல் ஓரத்தில் மட்டும் ஒரு சின்னப் பச்சைக் கீற்று. “இந்தக் கரை நம்ம மெட்ராஸ் மாதிரிதான் அக்கா, குளிர்காலத்துலதான் நனையும். இதுதான் மசாவா, துறைமுகம். இங்கேர்ந்து மலை ஏறிட்டா அந்த மாசத்துல சொட்டு மழை இருக்காது” என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாள். நல்ல சந்தேகம் கேட்டீர்கள் என்று பாராட்டும் வேறே.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். சோறு வடித்தாள், பியூலாவுக்குப் போட்டாள், எனக்குப் போட்டாள். நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான், “அண்ணன் மலையில இல்லீங்க. கீழ இறங்கிட்டாங்க. துறைமுகத்துல இருக்காங்க” என்றாள்.

நான் நம்பவில்லை, முத்திரையைச் சொன்னேன். முத்திரை யார் கையில் கொடுத்துப் போடச் சொன்னாலும் விழும், மழையை அப்படிக் கொடுத்தனுப்ப முடியுமா என்று கேட்டாள். பதினைந்து வருஷம் முத்திரை பார்த்தவன் எழுந்துபோய் உங்கள் பழைய கடிதக் கட்டை எடுத்து வந்தேன். முன்பெல்லாம் கை விறைக்கிறது, எழுத்துக் கோணுகிறது என்று நீங்கள் எழுதாத கடிதம் கிடையாது. ஒரு வருஷமாகக் குளிர் என்ற சொல்லே உங்கள் கடிதங்களில் இல்லை. அவள் பின்னி அனுப்புகிற ஸ்வெட்டர் போய்ச் சேர்ந்ததும் இதமாக இருக்கிறது என்று எழுதுவீர்கள். போன தடவை பார்சல் கிடைத்தது என்பதோடு முடித்துவிட்டீர்கள். இதையெல்லாம் அவள் சொல்லச் சொல்லத்தான் எனக்கு உறைத்தது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம் வந்தது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், நீங்கள் ஒரு வருஷம் ஓட்டியிருக்கிறீர்கள். பேனாவை எடுத்து, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தீர்களே மச்சான் என்று ஆரம்பித்துவிட்டேன். யூனிஸ் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள். “அண்ணன் சொல்லாததை நாம கண்டுபிடிச்சுச் சொன்னா அவங்க முகத்தை எங்க கொண்டுபோய் வச்சுக்குவாங்க” என்றாள். அதற்கப்புறம் உங்களுக்கு அவள் எழுதிய கடிதம் வந்திருக்கும். அஸ்மாராவில் குளிர் எப்படி என்று விசாரித்திருப்பாள். அந்த ஒரு வரியை எழுத அவளுக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

கஸ்தூரிரங்கன் சார் பேப்பர் கேட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். ஒரு காப்பியைக் குடித்துவிட்டு இப்போதுதான் போனார். விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

அவளுக்கு இருக்கிற பயம் உங்கள் வேலையைப் பற்றியது இல்லை. உங்களுக்குச் சின்ன வயசிலிருந்து மூச்சிழுப்பு. அஸ்மாரா போன முதல் வருஷத்திலேயே இழுப்பு விட்டுப்போயிற்று, இந்த மலைக்காற்றுதான் மருந்து என்று எழுதினீர்கள். ஏழு கடல் தாண்டி அண்ணனை அனுப்பிவிட்டு அவள் நிம்மதியாகத் தூங்கியது அந்த ஒரு வரியால்தான். இப்போது அந்தக் கரையைப் பற்றி லைப்ரரியில் கிடைத்த எல்லாவற்றையும் படித்துவிட்டாள். உலகத்திலேயே வெயில் அதிகமான துறைமுகங்களில் ஒன்று, காற்றில் எந்நேரமும் ஈரம், ராத்திரியிலும் புழுக்கம் தணியாது என்று இருக்கிறதாம்.

இந்த நிலையில், வேலையை இன்னும் மூன்று வருஷம் நீட்டித்திருக்கிறார்கள், இந்த ஜூனில் வர இயலாது என்று எழுதிவிட்டீர்கள். மூன்று வருஷம் என்பதை அவள் மூன்று வருஷம் என்று படிக்கவில்லை, இனி அண்ணனைப் பார்ப்போமா என்றுதான் படித்தாள்.

இந்த மாதம் செலக்‌ஷன் டெஸ்ட் நடந்தது. இதில் தேறினால்தான் ஏப்ரலில் யுனிவர்சிட்டிப் பரீட்சைக்கு அனுப்புவார்கள். புவியியல் தாளில் அபிசீனியப் பீடபூமியின் தட்பவெப்பம் பற்றி ஒரு பெரிய கேள்வி. வகுப்பில் அதை இவள் அளவுக்கு அறிந்தவர் கிடையாது. மற்றதையெல்லாம் எழுதிவிட்டு அந்த ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். சரோஜினி மிஸ் பதறிப்போய் வீட்டுக்கே வந்துவிட்டாள். முழுசாகத் தெரிந்ததை விட்டுவிட்டீர்களே அக்கா என்று அந்தப் பெண் அழாத குறை. அவள் போன பிறகு நான் கேட்டேன். “எழுத உக்காந்தா, அண்ணன் அங்க இல்லைன்னு எழுதற மாதிரி இருந்ததுங்க” என்றாள். எப்படியோ தேறிவிட்டாள். ஆனால் ஏப்ரலில் எழுதவேண்டுமா என்று இப்போது யோசிக்கிறாள். இதைப் படித்ததால்தானே இந்தக் கவலை, படிக்காமல் இருந்திருந்தால் மழையைப் பார்த்து மழை என்று மட்டும் நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன் என்கிறாள்.

நான் அப்படி நினைக்கவில்லை, மச்சான். எனக்கு அவளைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. அப்பா போன பிறகு உங்கள் சம்பளத்தில் உங்கள் பிடிவாதத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்த பெண், ஒரு நனைந்த தெருவைப் பார்த்து, கடலுக்கு அப்பால் தன் அண்ணன் எங்கே நிற்கிறார் என்று கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு எத்தனை முத்திரை தெரிந்து என்ன? கட்டினவன் பெருமையடிக்கிறான் என்று நினைத்தாலும் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமையாகத்தான் இருக்கிறது.

பள்ளிக்கூடத்து வேலையை நீங்கள் விட்டீர்களா, அவர்கள் விட்டார்களா, துறைமுகத்தில் என்ன செய்கிறீர்கள், எதுவும் நான் கேட்கப்போவதில்லை. சென்ட்ரல் ஸ்டேஷனில் சபையார் மாலை போட்டபோது, வந்தால் தலைமை ஆசிரியராகத்தான் வருவேன் என்று சொன்னீர்கள். வண்டி புறப்படுகிற நேரத்தில் யார்தான் எதைத்தான் சொல்லமாட்டார்கள். அன்றைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வேறே ஊருக்கு மாற்றலாகிவிட்டார்கள், மீதிப் பேருக்கு நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதே சந்தேகம். ஆப்பிரிக்காவா அரேபியாவா என்று போன ஞாயிறுகூட ஒருவர் கேட்டார். அந்தச் சொல்லை இன்னும் சுமந்துகொண்டிருப்பவர் நீங்கள் ஒருவர்தான். பம்மல் பள்ளிக்கூடத்தில் ஜூனில் கணக்கு வாத்தியார் இடம் ஒன்று காலியாகிறது. அதைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும், ஆகையால் நான் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் உங்கள் காதில் போட்டுவைக்கிறேன். அடுத்த வாரம் பார்சல் கிளம்புகிறது. இந்தத் தடவை ஸ்வெட்டர் இருக்காது. மல் துணியில் நாலு அரைக்கைச் சட்டை, கழுத்து அகலமாக வைத்துத் தைத்திருக்கிறாள். இழுப்புக்கு ஆடாதோடை லேகியமும் உண்டு. நல்ல கம்பளி நூல் கிடைக்கவில்லை என்று சீட்டு எழுதி வைத்திருக்கிறாள், தாம்பரத்தில் நூலுக்குப் பஞ்சமே இல்லை. பம்பாயிலிருந்து கப்பலேறும் பார்சல் முதலில் மசாவாவில்தானே இறங்கும், அப்புறம் மலை ஏறி அஸ்மாராவுக்குப் போய், மறுபடி இறங்கி அண்ணனிடம் வரவேண்டும், நேரே அங்கேயே கொடுத்துவிட்டால் தேவலை என்று ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு கொஞ்ச நேரம் ஊசியில் நூல் கோக்கவே முடியவில்லை அவளால்.

வாசலில் பியூலா குரல் கேட்கிறது. பஸ் சீக்கிரம் கிடைத்துவிட்டது போலும். முடித்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் வேண்டாம். கிடைத்ததாகவும் காட்டிக்கொள்ள வேண்டாம். அவள் ஏப்ரல் பரீட்சைக்குப் போய் உட்காருவதற்குள் அவள் பேருக்கு ஒரு கடிதம் வந்துவிட்டால் போதும். அதில் காரணம் எழுதாதீர்கள், மன்னிப்பு எழுதாதீர்கள், ஊர்ப் பேரைக்கூட எழுதவேண்டாம். நீங்கள் உட்கார்ந்து எழுதுகிற இடத்தில் அன்றைக்கு வெயில் எப்படி, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, ராத்திரி மூச்சுத் திணறாமல் தூங்கினீர்களா என்று மட்டும் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். மீதியை அவள் படித்துக்கொள்வாள்.

போகும்போது உங்களைக் காத்த தேவன் திரும்பி வரும் வழியிலும் கூட இருப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் தங்கை மாப்பிள்ளை,
தனசிங்.